பாதுகாக்கப்பட்ட இரத்த வலயம்

எம்பிட்டகலத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் பெண்கள் தேயிலை மலையில் மயங்கி விழுவது ஒரு புதினமே இல்லை. வெயில் ஏறினால் யாராவது ஒருத்தி விழுவாள். பக்கத்து நிரைக்காரி தன் கூடையை இறக்கிவைத்துவிட்டு முகத்தில் தண்ணீர் தெளிப்பாள். விழுந்தவள் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கொழுந்து கிள்ளத் தொடங்குவாள். கங்காணி அழகமுத்துவும் இரக்கமுள்ள மனிதர்தான். "விழுந்தா பரவாயில்ல, படுத்துறாதீங்க" என்று மட்டும் சொல்வார்.

ஆகவே, கஹவத்தைப் பாதையால் வெள்ளை வாகனங்கள் ஏறி வந்து, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் நின்று, அதிலிருந்து இறங்கியவர்கள் "உங்கள் இரத்தத்தைப் பார்க்க வந்திருக்கிறோம்" என்று சொன்னபோது, கீழ்ப் பிரிவுக்கு ஒரே சந்தோஷம். துஷ்யந்தியும் அவள் தங்கச்சி கோகிலாவும் வரிசையில் முன்னால் போய் நின்று கையை நீட்டினார்கள். கோகிலா அப்போது முழுகாமல் இருந்தாள். லயத்து வீட்டுப் படியில் ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். உதடு வெளுத்துச் சுண்ணாம்பு பூசியதுபோல் கிடந்தது. புருஷன் சசி கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றான், தீபாவளிக்குத்தான் வருவான். அக்காவை விட்டால் அவளுக்கு ஆள் கிடையாது. மருந்து வந்துவிட்டது என்றுதான் அக்கா நினைத்தாள்.

வந்தவர்கள் இரத்தினபுரியில் புதிதாகத் திறந்திருந்த குருதி இரும்புச் சுமப்பு ஆய்வு மன்றத்தார். காட்டிய இடத்தில் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர் உள்ள ஆண், பெண் அத்தனை பேரிடமும் இரத்தம் எடுக்கப்பட்டது. ஆளுக்கொரு தொப்பி கிடைத்தது.

சில கிழமைகள் கழித்து மன்றத்தின் தலைவர் பேராசிரியர் சிவகடாட்சம் நேரில் வந்தார். வட்ட முகம், சிவந்த கன்னம், நல்ல சாப்பாட்டு உடம்பு. ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"தாய்மாரே, இரும்பு இரத்தத்தில் தானாக நடந்து போகாது. அதை ஒருவர் சுமக்க வேண்டும். அந்தச் சுமப்பாளர்தான் ட்ரான்ஸ்ஃபெரின் என்ற புரதம். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், அது ஒரு கொழுந்துக் கூடை. உடம்பில் இரும்பு குறைந்தால் ஈரல் என்ன செய்யும்? எங்கேயாவது ஒரு துளி கிடைக்காதா என்று மேலும் மேலும் கூடைகளைப் பின்னி அனுப்பும். உங்கள் இரத்தம் நிறைய வெறுங்கூடைகள்! இத்தனை வெறுங்கூடைகளை நான் என் ஆயுளில் கண்டதில்லை. உங்களை மனமார வாழ்த்துகிறேன்!"

தொப்பி போட்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். துஷ்யந்தியும் தட்டினாள். கூட்டத்தில் வாய் திறக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. தங்கச்சியின் காதில் மட்டும் கேட்டாள்.

"வெறுங்கூடையோட நிறுவைக்கு போனா கங்காணி ஏசுவாரு. இவரு என்னடி வாழ்த்துறாரு?"

பேராசிரியர் தொடர்ந்தார். "இந்த ட்ரான்ஸ்ஃபெரினைப் பிரித்தெடுத்து ஆய்வகங்களுக்கு அனுப்புவோம். அங்கே கண்ணாடித் தட்டுகளில் உயிரணுக்களை வளர்க்கிறார்கள். அவற்றுக்கும் பசிக்கும், அவற்றுக்கும் இரும்பு வேண்டும். கூடையில் இரும்பை ஏற்றி ஊட்டுவோம். அதே கூடையில் புற்றுநோய் மருந்தை ஏற்றினால், நோய் பிடித்த உயிரணு தானே கதவைத் திறந்து உள்ளே எடுத்துக்கொள்ளும். மூளைக்குள் மருந்து அனுப்பவும் இதே கூடையைத்தான் உலகம் முயன்று பார்க்கிறது. இனி இது வெறும் தோட்டமல்ல!"

பின்வரிசையிலிருந்து தங்கம்மா எழுந்தாள். அவளுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"அது சரிங்க சார். தட்டுல வளருறதுக்கு இரும்பு எங்கருந்து வரும்?"

"வாங்குவோம். மிகத் தூய்மையானது."

"அப்ப எங்களுக்கு?"

பேராசிரியர் அவளை வாஞ்சையோடு பார்த்தார். "அம்மா, உங்களுக்கு இரும்பு தந்தால் கூடைகள் குறைந்துவிடுமே!"

அடுத்த நாள் பிரிவின் எல்லையில் ஒரு பெரிய பலகை நட்டார்கள். 'பாதுகாக்கப்பட்ட இரத்த வலயம்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவந்த இரும்பு மாத்திரைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டின் திறப்பு கங்காணி அழகமுத்துவின் இடுப்பில் தொங்கியது. அவரை மன்றம் தன் வலய இணைப்பாளராக நியமித்திருந்தது. கோடு போட்ட ஒரு கழுத்துப்பட்டியும் கொடுத்திருந்தது. அதை அவர் காக்கிச் சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தார்.

பிறகு ஒழுங்குகள் ஒவ்வொன்றாக வந்தன. சாப்பாட்டின் மேல் வெறும் தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேராது என்பதால், மூன்று வேளையும் சாயம் கடுமையான தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்றார்கள். தேயிலைத் தூளைத் தோட்டமே தந்தது. நெத்தலிக் கருவாடு விலக்கப்பட்டது. ஆட்டு ஈரல் என்ற சொல்லையே யாரும் வலயத்துக்குள் சொல்லக் கூடாது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தானாக முளைக்கும் பொன்னாங்காணியைக் காக்க ஒரு கீரைக் காவலர் போடப்பட்டார். அவர் கீரையைக் காத்த காலத்தில் அது இடுப்பளவு வளர்ந்தது.

இரும்புச் சட்டிகளைக் கங்காணி வீடு வீடாகப் பறிமுதல் செய்தார். லயத்துத் தகரங்கள் துருப்பிடித்து ஒழுகுகின்றன என்று வருடக்கணக்காக முறையிட்டும் வராத ஓர் அதிகாரி, இப்போது ஏணியோடு வந்து ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்தார். துருத் தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தார். மழை நேரத்தில் ஒழுக்குக்கு நேராக யாரும் வாயைத் திறந்து நிற்கக் கூடாது என்று அறிவித்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

கோகிலா நாளுக்கு நாள் வெளுத்தாள். பிள்ளை வளர்ந்தது, அவள் தேய்ந்தாள். மலைக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு பீலிக்குப் போவதை நிறுத்தினாள். அவளுக்கு மண் தின்னும் ஆசை வந்தது. லயத்துச் சுவரில் செம்மண் பூச்சு உதிரும் இடத்தில் விரலால் சுரண்டி யாருக்கும் தெரியாமல் நக்கினாள். மன்றத்தார் அதையும் கண்டுபிடித்து, சுவரைச் சுரண்டிப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது அதுதான் முதல் தடவை.

துஷ்யந்தி சும்மா இருக்கவில்லை. கஹவத்தைக்குப் போன ஒருத்தியிடம் சொல்லி இரும்பு மாத்திரை வாங்குவித்து, வெற்றிலைச் சுருளுக்குள் வைத்துத் தங்கச்சிக்குக் கொடுத்தாள். அந்த மாத்திரை தின்றால் மலம் கறுத்துப் போகும் என்பது அவளுக்குத் தெரியாது. மன்றத்துக்குத் தெரியும். மன்றம் ஏற்கனவே ஒரு மலகூட மேற்பார்வையாளரை நியமித்திருந்தது. அவர் டை கட்டியவர், டோர்ச் லைட்டும் வைத்திருந்தார். சில நாட்களில் பிடித்துவிட்டார். கோகிலா சிறப்புப் பாதுகாப்பில் பிள்ளைக் காம்பராவின் பின்னறைக்கு மாற்றப்பட்டாள்.

அந்தக் கிழமைதான் முடிவு வந்தது. ட்ரான்ஸ்ஃபெரின் அளவில் முழு வலயத்திலும் கோகிலாவே முதலிடம். மன்றத்தார் வந்து அவளுக்கு நாடா அணிவித்துப் படம் எடுத்தார்கள். எழுந்து நிற்க முடியாததால் பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

ஜுமானா இரத்தினபுரிக்காரப் பிள்ளை. மன்றத்துக்காக இரத்தம் எடுப்பவள் அவள்தான். அன்றைக்கு ஊசியைக் கழற்றியதும் துஷ்யந்தியைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் சொன்னண்டு சொல்லவாணாம். இந்தப் புள்ளட ரத்தம் தண்ணியாட்டம் ஈக்கிது. இப்பிடியே பெறப்போனா தாங்கமாட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேருங்க."

கொண்டுபோவது எப்படி? மன்றத்துக்கு அவர்கள் எல்லோரும் ஆய்வு மாதிரிகள்; மாதிரிகள் வலயத்தை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். வாசலில் காவல்காரன் இருந்தான். றப்பர் காட்டுக் குறுக்குப் பாதையால் இறங்க கோகிலாவின் காலில் பலமில்லை. துஷ்யந்தி கங்காணியிடம் கெஞ்சித் தனக்கு மட்டும் ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, பேராசிரியரைப் பார்க்க இரத்தினபுரிக்குப் போனாள்.

மன்றத்தின் வரவேற்பறையில் நுழைந்ததுமே அவளுக்கு உயிர் போய்விட்டது. சுவரில் கோகிலாவின் பெரிய படம். படத்துக்குச் சந்தன மாலை. மேலே ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

"சார்... உசுரோட இருக்குறவளுக்கு மாலை போட்டு வச்சிருக்கீங்களே!"

"கௌரவம் அம்மா, கௌரவம்" என்றார் பேராசிரியர். "எங்கள் மிகச் சிறந்த மாதிரி அவர்தான். வாருங்கள், உங்கள் தங்கை உலகுக்கு என்ன செய்கிறார் என்று காட்டுகிறேன்."

கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டியின் முன்னால் அவளை நிறுத்தினார். உள்ளே தட்டுகள் அடுக்கியிருந்தன. சிவந்த நீரில் எதுவோ மங்கலாகத் தெரிந்தது.

"இவை உயிரணுக்கள். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிறோம். குளிர்ந்துவிடக் கூடாது. பசித்துவிடக் கூடாது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக இயங்கும். நாளுக்கு நாள் பார்த்துப் பார்த்து இரும்பு ஊட்டுகிறோம். ஒன்று வாடினாலும் என் ஊழியர்களுக்குச் சோறு இறங்காது."

துஷ்யந்தி தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், என் தங்கச்சிய விட்டுருங்க சார். வகுத்துல புள்ள இருக்கு. மாத்திரை குடுத்தா போதும், வேற ஒண்ணும் கேக்கல."

"விலகுவது உங்கள் உரிமை" என்றார் பேராசிரியர் உடனே. "மன்றம் உரிமைகளை மதிக்கிறது. பதிலாள் ஒருவரைத் தந்தால் இந்த நிமிடமே விடுவிப்போம். உங்கள் தோட்ட வழக்கமும் அதுதானே? வேலைக்கு வர முடியாதவர் தன் இடத்துக்கு ஆள் தர வேண்டும் என்று கங்காணி சொன்னார். உள்ளூர்ப் பண்பாட்டையும் மன்றம் மதிக்கிறது. பதிலாளுக்குத் தோட்டத்துச் செக்ரோலில் பேர் இருக்க வேண்டும். ஏற்கனவே மாதிரியாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"செக்ரோல்ல பேர் உள்ளவங்க எல்லாருமே மாதிரிதானுங்களே சார்."

"ஆமாம்" என்றார் பேராசிரியர் பெருமையோடு. "ஒருவரைக்கூட நாங்கள் விட்டுவைக்கவில்லை."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். அதுவரை அவளுக்கு இருந்தது பயமும் கூச்சமும்தான். பெல்மதுளை தாண்டும்போது, பிடித்திருந்த கம்பியின் இடத்தில் பேராசிரியருடைய கழுத்து இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அறிவித்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை ட்ரான்ஸ்ஃபெரின் பெருவிழா. மன்றத்துக்கு நிதி தரும் வெளிநாட்டு அம்மையார் வருகிறார். மேளம், மாலை, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. தோட்டத்துக்கு வரும் எல்லாப் பெரிய மனிதர்களுக்கும் செய்வதுபோல, பேராசிரியருக்கும் முதுகில் கூடை மாட்டி, கொழுந்து கிள்ளவைத்துப் படம் எடுக்க வேண்டும்.

பெரட்டில் துஷ்யந்தி கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"கங்காணி அய்யா, விருந்தாளி கிள்ளுனா பேர் உண்டுங்களா?"

"என்ன பேச்சு பேசுற? கொழுந்து நாள் நிறைக்கு ஏறுனா செக்ரோல்ல பேர் உண்டு. கிள்ளுனது யாரா இருந்தா என்ன? எங்க அப்பா கங்காணியா இருந்த காலத்துலருந்து அப்பிடித்தான். ஆனா அந்த மாதிரி ஆளுங்க நாலு கொழுந்து கிள்ளி படம் புடிச்சிட்டு போயிருவாங்க. நிறைக்கு எட்டாது. பேர் விழாது."

நிறைக்கு எட்டாத கொழுந்தை என்ன செய்வது என்று கீழ்ப் பிரிவுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருத்திக்கு முடியாத நாளில் அவளுக்கு அரைநாள் கூலியான அரைப் பேர் விழுந்துவிடக் கூடாது என்று, நிறுவைக்குப் போகும் வழியில் மற்றவர்கள் தங்கள் கூடையிலிருந்து கைநிறைய அள்ளி அவள் கூடையில் போடுவார்கள். கங்காணிக்கும் அது தெரியும். காணாதவர்போல் வானத்தைப் பார்ப்பார். அன்று மலையில் நிரைக்கு நிரை துஷ்யந்தி போய்ப் பேசினாள். தங்கம்மா கேட்டுவிட்டு, வாயில் கிடந்த வெற்றிலையைத் துப்பினாள்.

"நீ ஊமைப்புள்ளன்னு நெனச்சேன்டி. என் கூடை முழுசா தாறேன். ஒரு எல வச்சிக்க மாட்டேன்."

பெருவிழா தேயிலை மலையின் அடிவாரத்தில் பந்தல் போட்டு நடந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை வரவேற்றுப் பேசினார். அவர் பேச்சில் தோட்டம், வலயம், பெருமை என்ற மூன்று சொற்களும் இடம் மாறி மாறி வந்தன. வெளிநாட்டு அம்மையாருக்குப் பக்கத்தில் ஜுமானா உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். கோகிலாவைக் கதிரையோடு தூக்கி வந்து மேடையோரத்தில் வைத்தார்கள். வயிறு மட்டும் முன்னால் தெரிந்தது, மற்றதெல்லாம் சேலை.

பேராசிரியர் கண்கலங்கிப் பேசினார். "இந்த மக்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்கிறார்கள். நான் மறுக்கிறேன்! ஒன்றுமில்லாமை என்பதே ஒரு செல்வம். அதை நாங்கள் அளந்திருக்கிறோம், பிரித்தெடுத்திருக்கிறோம், குளிரூட்டியில் வைத்திருக்கிறோம். என் நரம்பில் ஓடும் கொழுத்த இரத்தத்தைக் கண்டு நான் வெட்கப்படுகிறேன். இதோ இந்தக் கோகிலாவின் இரத்தத்தோடு மாற்றிக்கொள்ள முடியுமென்றால், இந்த நிமிடமே மாற்றிக்கொள்வேன்!"

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் கூடை மாட்டும் சடங்கு. பேராசிரியர் மலையோரம் நின்று ஒரு கொழுந்தைக் கிள்ளினார். கிள்ளியதைக் கமராவுக்குக் காட்டிச் சிரித்தார். இன்னும் நாலைந்து கிள்ளிக் கூடையில் போட்டார். போதும் என்று கூடையைக் கழற்றப் போனபோது, பெண்கள் வரிசையாக வந்தார்கள். தங்கம்மா முதலில் வந்தாள். கும்பிட்டுவிட்டுத் தன் கூடையை அவர் கூடைக்குள் கவிழ்த்தாள். அடுத்து ஒருத்தி. அடுத்து ஒருத்தி. எல்லோரும் கும்பிட்டார்கள், எல்லோரும் கொட்டினார்கள்.

"என்ன இது?" என்று பேராசிரியர் கேட்டார்.

"எங்க மரியாதைங்க சார்" என்றாள் தங்கம்மா.

நெற்றியில் பட்டி இறுகியது, முழங்கால் வளைந்தது. ஆனால் கமராக்கள் பார்த்துக்கொண்டிருந்தன. பேராசிரியர் வியர்வை வழியச் சிரித்தார்.

"கூடைய நிறுத்து பாப்போமுங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். "ஆமா, நிறுத்து பாருங்க!" என்று பல குரல்கள். தொரைக்கும் அது நல்ல வேடிக்கையாகப் பட்டது. தராசைக் கொண்டுவரச் சொன்னார். முள் நாளின் நிறையைத் தாண்டிப் போய் நின்றது. கங்காணியின் வாய் பழக்கத்தில் தானாகக் கூவியது: "ஒரு பேர்!"

"பலே!" என்றார் தொரை. "பேராசிரியருடைய பேரைச் செக்ரோலில் போடுங்கள். இன்று முதல் அவர் எங்கள் தொழிலாளி!"

பந்தலே கைதட்டியது. பேராசிரியர் நெஞ்சில் கை வைத்துத் தலைவணங்கினார். அவர் தலை நிமிர்வதற்குள் துஷ்யந்தி ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றாள். கோகிலாவை ஒருதரம் பார்த்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. என் தங்கச்சி வெலகுறா. பதில் ஆள் குடுக்கணும்னு பேராசிரியர் அய்யா சொன்னாரு. செக்ரோல்ல பேர் இருக்கணும், மாதிரியா இருக்கக் கூடாது. அப்பிடி ஒரு ஆள் இல்லாம இருந்துச்சு. இப்ப இருக்காரு. என் தங்கச்சிக்கு பதிலா அய்யாவையே குடுக்குறேன்."

ஜுமானா மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லையும் விடவில்லை, ஒரு சொல்லையும் கூட்டவில்லை. அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். அவர் எழுந்ததும் தொரை எழுந்தார். தொரை எழுந்ததும் பந்தலே எழுந்தது.

"நான்... ஆய்வாளன்..." என்றார் பேராசிரியர். "ஆய்வாளன் மாதிரியாக..."

"அம்மையார் சொல்றாங்க சார்" என்றாள் ஜுமானா பணிவோடு. "சற்றுமுன் நீங்க சொன்னதக் கேட்டு அவங்கட மனசு உருகிப் போச்சாம். சொன்னத செய்ற ஒரு விஞ்ஞானிய இப்பத்தான் காண்றாங்களாம். இனி நிதி முழுக்க உங்கட ரத்தத்துக்குத்தானாம்."

பேராசிரியர் நிதி என்ற சொல்லைக் கேட்டார். மறுக்கத் திறந்த வாய் சிரிப்பாக மாறியது. அந்தச் சிரிப்பு மறுநாள் பேப்பரில் வந்தது.

கோகிலாவை அதே கதிரையோடு தூக்கி, மன்றத்தின் வெள்ளை வாகனத்திலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துஷ்யந்தி வழி நெடுக அவள் கையைப் பிடித்திருந்தாள். "சிரிக்காதடி, மூச்சு வாங்கும்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அம்மையார் கெட்டிக்காரி. ஏற்கனவே வெறுமையாகக் கிடக்கும் இரத்தத்தைப் பார்ப்பதில் புதிதாக ஒன்றுமில்லை என்றும், நிறைந்த இரத்தம் ஒன்று எப்படிப் படிப்படியாக வெறுமையாகிறது, கூடைகள் எப்படிப் பெருகுகின்றன என்று பார்ப்பதுதான் அறிவியல் என்றும் எழுதி அனுப்பினார். மற்ற மாதிரிகள் எல்லோரும் தேவையற்றவர்களாகி விடுவிக்கப்பட்டார்கள். மாத்திரை அலுமாரி திறந்தது. சட்டிகள் வீடு திரும்பின. கீரைக் காவலர் வேலை இழந்தார், மறுநாளே பொன்னாங்காணி மொட்டையானது. வலயம் சுருங்கிச் சுருங்கி ஒரே ஓர் அறையாகியது. மாதிரி வலயத்துக்குள் உறங்க வேண்டும் என்பது விதியாகையால், கோகிலா கிடந்த பின்னறையில் பேராசிரியர் குடியேறினார்.

விதிகளை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுதியவரே அவர்தான். கங்காணி அழகமுத்து நேர்மையானவர். யாருக்காகவும் ஒழுங்கைத் தளர்த்துகிறவர் அல்ல. பேராசிரியரின் கைக்கடிகாரத்தை இரும்பு என்று கழற்றினார், இடுப்புப்பட்டியின் கொக்கியைக் கழற்றினார். மூன்று வேளையும் சோறு, பருப்பு, அதன் மேல் கடுமையான தேத்தண்ணி. குடித்து முடிக்கும்வரை வாசலில் இரண்டு பெண்கள் நிற்பார்கள். ஜுமானா முறைப்படி வந்து இரத்தம் எடுத்தாள். பேராசிரியர் வகுத்த அட்டவணைப்படியே எடுத்தாள். அவர் தாராளமாகத்தான் வகுத்திருந்தார்.

டோர்ச் லைட் அதிகாரி மட்டும் வேலையில் நீடித்தார். தன் தலைவரின் மலத்தைத் தானே பார்க்க வேண்டிவந்ததை அவர் பதவி உயர்வாகக் கருதினார்.

மாதங்கள் போயின. சிவந்த கன்னம் முதலில் மஞ்சளாகியது, பிறகு மாவாக வெளுத்தது. லயத்துப் படியில் ஏறும்போது பேராசிரியர் பாதியில் உட்கார்ந்தார். அவருடைய ட்ரான்ஸ்ஃபெரின் உயர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு உயர்வுக்கும் அம்மையார் வாழ்த்து அனுப்பினார். மன்றத்தின் வரவேற்பறையில் கோகிலாவின் படத்தை இறக்கிவிட்டு இவருடைய படத்தை மாட்டினார்கள்.

அவரை விடுவிக்க யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. உதவித் தலைவர் ஒருநாள் வந்தார். வந்ததிலிருந்து போகும்வரை இரண்டு கைகளையும் காற்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. மாலை போட வந்தார்கள், கழுத்தை மட்டும் நீட்டினார். "சார், மலைப்பக்கம் போய் ஒரு படம் புடிப்போமுங்களா?" என்று தங்கம்மா கேட்டதும் வாகனத்துக்கு ஓடினார். மன்றத்துப் பெரியவர்கள் வேறு ஒருவரும் அதன்பின் தோட்டப் பக்கம் வரவில்லை.

பிரசவம் முடியும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த கோகிலா வீட்டுக்கு வந்தாள். ஏற்றின இரத்தமும் இரும்பும் அவள் உதட்டில் தெரிந்தன. பெண் குழந்தை. பஸ் இறங்கிய இடத்திலிருந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்காமல் ஏறி வந்தாள். பிள்ளைக் காம்பராவைத் தாண்டும்போது படியில் உட்கார்ந்திருந்த பேராசிரியரைக் கண்டு நின்றாள்.

"அக்கா, யாருக்கா இது? அவரா?"

"அவருதான்."

"பாவமா இருக்கேக்கா."

"உனக்கு இருக்கும். நீ கதிரையில இருந்த. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தவ" என்றாள் துஷ்யந்தி.

ஒருநாள் பகலில் கறுப்புக் கார் ஒன்று ஏறி வந்தது. பேராசிரியரின் மனைவி. பேராசிரியர் கம்பைப் பிடித்துக்கொண்டு காரிடம் போனார். கண்ணாடி பாதிதான் இறங்கியது. துஷ்யந்தி அந்தப் பக்கம் கூடையோடு வந்துகொண்டிருந்தாள், இருவரும் பேசியது அவளுக்குக் கேட்டது.

"ஒரு கொழுந்து கிள்ளும் லீலா. மிச்சத்தை இவர்களே நிரப்புவார்கள். உம்முடைய பேர் விழுந்ததும் நான் வெளியே வந்து, மறுநாளே மேலிடத்தில் பேசி உம்மை எடுத்துவிடுவேன். ஒரே ஒரு நாள்."

"எத்தனை நாள் எண்டு உங்கட ஆக்கள் எழுதித் தருவினமோ?"

"விதியில் அப்படி ஒரு ஏற்பாடு... நாங்கள் வைக்கவில்லை."

"அப்ப மகனைக் கேளுங்கோவன்."

"கேட்டேன். லைன் கிளியர் இல்லை என்றான்."

மனைவி தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நீங்கள் மெலிஞ்சு வடிவாத்தான் இருக்கிறீங்கள்" என்றாள். கண்ணாடி ஏறியது. கார் திரும்ப இடமில்லாமல் பின்னுக்கும் முன்னுக்கும் போய், ஒருவாறு திரும்பி இறங்கியது.

பேராசிரியர் பாதையோரத்தில் உட்கார்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் தேயிலைச் செடி துளிர்த்து நின்றது.

"துஷ்யந்தி" என்றார். அவள் பேரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "அன்றைக்கு உங்கள் தங்கைக்குப் பதிலாக இங்கே எத்தனை பேர் வர ஆயத்தமாக இருந்தார்கள்?"

"எல்லாருந்தானுங்க சார். நீங்கதான் ஒருத்தரையும் மிச்சம் வைக்கலயே."

கீழே வளைவில் கார் ஹோர்ன் அடித்தது. பிறகு அந்தச் சத்தமும் றப்பர் காட்டுக்குள் போய் அடங்கியது.

துஷ்யந்தி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். இரக்கம் வருகிறதா என்று தன் மனசுக்குள் தேடிப் பார்த்தாள். அவசரப்படாமல், நன்றாகவே தேடினாள். வரவில்லை. கூடைப் பட்டியை நெற்றியில் சரிசெய்துகொண்டு மலைக்கு ஏறினாள்.